சுவர் இருந்த சேறு

கொத்தனார் அந்தச் சேற்றில் நேராக நடக்க மாட்டார். மற்றவர்கள் எல்லாம் முழங்கால் புதைய, காலை உருவி உருவி எடுத்து, எது கிட்டமோ அந்த வழியாகப் போவார்கள். அவர் ஓரிடம் வந்ததும் நிற்பார். இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்வார். தலையைக் குனிந்துகொள்வார். அப்புறம்தான் உள்ளே போவார். குனிவது எதற்கென்றால், நிலை தலையில் இடித்துவிடுமாம். அங்கே நிலையும் கிடையாது, கதவும் கிடையாது, சுவரும் கிடையாது. புயல் வந்த அன்று கடல் அந்தத் தெருவையே வாரித் தின்றது. தின்ற இடத்தில் சேற்றைப் பூசிவிட்டுப் போனது. பிறகு அலை ஏறுவதும் இறங்குவதுமாக, வீடுகள் இருந்த இடம் நண்டுக்கும் கொக்குக்கும் சொந்தமாகிவிட்டது.

அந்த இடத்தில் வனத்துறை கண்டல் மரம் நட ஆரம்பித்தது. கண்டலின் வேர் பந்தல்கால் மாதிரி நாலா பக்கமும் ஊன்றி நிற்கும். அடுத்த புயலில் கடல் அடுத்த தெருவுக்கு வராமல் அது தடுக்கும் என்று சொன்னார்கள். நட வந்தவர்கள் எல்லாம் வீடு பறிகொடுத்து மேட்டுக் குடியிருப்பில் கிடந்தவர்கள்தான். தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்க வேண்டும். முருங்கைக்காய் நீளத்தில் இருக்கும் கண்டல் விதையைக் கூரான முனை கீழே போகும்படி சேற்றில் செருகிக்கொண்டே பின்னால் பின்னால் போக வேண்டும். முன்னால் நடந்தால் நட்டதை நாமே மிதிப்போம். சிமெண்டுத் தரை பூசுகிறவனும் இப்படித்தான் பின்வாங்கியே வெளியே வருவான். அதனால் இந்த வேலை கொத்தனாருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. வேலை பிடிபட்டதே தவிர, வேலை கொடுத்தவர்களை அவர் நம்பவில்லை. அவர் யாரையும் நம்புகிற ஆளில்லை. கடிகாரத்தைக்கூட இன்னொரு கடிகாரத்தை வைத்துத்தான் சரிபார்ப்பார்.

நட்டுக்கொண்டே போனபோது ஓரிடத்தில் கறுத்துப்போன மரக்கட்டை ஒன்று சேற்றிலிருந்து துருத்திக்கொண்டிருந்தது. கொத்தனார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையால் அளந்தார், காலால் அளந்தார். பிறகு நாலு கழியை எடுத்து நாலு மூலையில் ஊன்றிவிட்டு, இதற்குள் யாரும் ஒரு விதைகூட நடக்கூடாது என்று சொல்லிவிட்டார். கட்டை அவர் வீட்டுப் பின்பக்கம் நின்ற பூவரசாம். கட்டைக்கு முன்னால் இருப்பது அவர் வீடாம்.

நடவுக் கூட்டத்தில் குள்ளச்சி என்று ஒருத்தி இருந்தாள். வாய் நீளம், ஆள் குட்டை. அவரை மாமா என்று கூப்பிடுவாள், உறவு ஒன்றும் கிடையாது. அவள்தான் முதலில் கேட்டாள்.

"மாமா, உள்ள வரலாமா? கதவு பூட்டியிருக்கே, சாவி யாருகிட்ட?"

"வர்றதுன்னா வாசல் வழியா வா. சுவத்துல நுழைஞ்சு வராத."

எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றைக்கே இன்னொருத்தி கூடையோடு குறுக்கே போனாள். சேற்றுக்குள் கிடந்த உடைந்த செங்கல் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. கால் வீங்கி அவள் படுத்த படுக்கையானாள். அதன்பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொருத்தராகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். கூடையைக் கைமாற்ற வேண்டுமென்றால் வாசல் என்று அவர் சொன்ன இடத்தில் நின்று நீட்டுவார்கள். கடைசியில் குள்ளச்சியே அந்த இடம் வந்ததும் குனிய ஆரம்பித்தாள். அவள் உயரத்துக்கு எந்த நிலையும் இடிக்காது. இருந்தாலும் குனிந்தாள்.

அந்த இடத்தை ஏன் விடச் சொன்னார் என்றால், அவர் மனைவி கிடைக்கவில்லை.

புயல் முற்பகலில் வந்தது. கொத்தனார் அன்று ஊருக்குள் ஒரு மாடி வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தார். மகள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது மனைவி மட்டும். தண்ணீர் வடிந்த பிறகு எல்லார் வீட்டு ஆட்களும் உயிரோடோ பிணமாகவோ கிடைத்தார்கள். பக்கத்துப் பாதி வீட்டில் இருந்த அண்ணி, ஓடைக்கரைத் தில்லை மரத்தில் சிக்கிக் கிடைத்தாள். கொத்தனாரின் மனைவி மட்டும் எதிலும் சிக்கவில்லை. வீட்டோடு அமுங்கிப்போனாள் என்பது அவர் கணக்கு. அலை தினமும் சேற்றைக் கிளறுகிறது. என்றைக்காவது கிளறித் தூக்கிக் கொடுக்கும். அதற்குள் மேலே மரத்தை நட்டு வேரை இறக்கிவிட்டால், பூட்டுப் போட்டுச் சாவியைக் கடலில் எறிந்த மாதிரிதானே? அதனால்தான் கழி ஊன்றினார்.

பக்கத்துப் பாதி வீடு என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பன் விட்டுப்போன ஒரே வீட்டை அண்ணனும் தம்பியும் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். கடலைப் பார்க்க நின்றால் இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் கொத்தனார். இரண்டு பாதியும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிராக இருக்கும். நடுச்சுவரை ஒட்டி இந்தப் பக்கம் ஒரு வாசல், அந்தப் பக்கம் ஒரு வாசல். பின்னால் அதே சுவரை ஒட்டி இரண்டு அடுப்படி. கொத்தனார் வீட்டின் பின்னால் பூவரசு, அண்ணன் வீட்டின் பின்னால் புன்னை.

அந்தப் புன்னைதான் வினை. அதன் காய் கொத்தனாரின் தகரக் கூரையில் விழும். ராத்திரியெல்லாம் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரி ஓசை. அவர் கிளையை வெட்டினார். அண்ணன் தையற்காரர், பேச்சில் ஊசி வைத்திருப்பவர். "கிளையை வெட்டுனவன் கையை வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஒரு வார்த்தை விட்டார். பங்காளி வாய் விட்ட சொல் பழுக்கக் காய்ச்சின இரும்பு. கொத்தனார் மறுநாளே செங்கல் இறக்கினார். இருந்த நடுச்சுவர் போதாதென்று தன் பக்கம் அதை ஒட்டியே இன்னொரு சுவர் எழுப்பினார். இரட்டைச் சுவர். அண்ணன் தும்மினால்கூட இந்தப் பக்கம் கேட்கக் கூடாது என்று கலவையை வஞ்சனையில்லாமல் போட்டார். அன்றோடு பேச்சு நின்றது. புயல்கூட அதை உடைக்கவில்லை. அண்ணி கிடைத்த அன்று கொத்தனார் போய் மூலையில் நின்றுவிட்டு வந்தார், அவ்வளவுதான். அண்ணன் பறிகொடுத்தது அண்ணனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டதே என்று ஒரு பொறாமை. அதை வெளியே சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று அவருக்கே தெரியும்.

கட்டைக்கு இடப்பக்கம் அண்ணன் வீடு என்று கணக்குப் போட்டு, அங்கே நடுவதற்கு அவரே முதல் ஆளாக இறங்கினார். அண்ணன் கூடத்தில், அண்ணன் தையல் மெஷின் போட்டிருந்த இடத்தில், ஒரு விதைக்கு இரண்டு விதையாகக் குத்தினார். வலப்பக்கம் அந்தக் காலத்துச் சந்து என்பது அவர் நினைப்பு. அங்கே கூடைகளைப் போட்டார்கள், டீ குடித்தார்கள், துப்பினார்கள். கொத்தனார் ஒண்ணுக்குப் போவதும் அந்தப் பக்கம்தான். பிறகு அதிலும் வரிசை வரிசையாகக் கண்டல் நட்டு, அது இடுப்பு உயரம் வந்துவிட்டது.

வனக்காப்பாளராக ஒரு பெண் இருந்தாள். எல்லாரும் மேடம் என்பார்கள். சின்ன வயசு, சேற்றுக்குப் பயப்படாதவள். அவள் ஆரம்பத்திலேயே ஒரு தடவை, "ஐயா, ஒரு கட்டையை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. கரையே நகர்ந்துபோச்சு" என்று சொன்னாள். வீடு கட்டினவனுக்கு வீடு தெரியாதா என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் அவள் அந்த இடத்தை விட்டுவைத்தாள்.

அந்த இடத்தில் சில விஷயங்கள் நடந்தன. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஒன்று, நீர்நாய். ஓடையிலிருந்து ஒரு நீர்நாய் தண்ணீர் வற்றினதும் வரும். அதன் விரல் தடம் சேற்றில் குழந்தை கை வைத்த மாதிரி விழும். அது கொத்தனாரின் வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. முன்பக்கத்திலேயே மறுகோடியில், வலது ஓரமாக நுழையும். உள்ளே கொஞ்சம் சுற்றும். வந்த வழியாகவே திரும்பும். தினமும் அதே இடம், தடத்தின்மேல் தடம். "சுவத்துல நுழையுற கழுதை" என்று அவர் சேற்றை உருட்டி எறிவார். குள்ளச்சி, அதுக்குச் சாவி இருக்கு போல மாமா என்பாள்.

இன்னொன்று, ஓசை. தண்ணீர் முழுக்க வடிந்து, காற்றும் நின்று, கொக்குகூட அசையாமல் நிற்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் அந்த இடத்தின் வலது பின்மூலையில் படபடவென்று வெடிக்கும். சூடான எண்ணெயில் கடுகு போட்டால் எப்படி வெடிக்குமோ அப்படி. கொஞ்ச நேரம் வெடித்துவிட்டு அடங்கும். மூடி போட்டு மூடினதுபோல அடங்கும். சேற்றுக்குள் விரலளவு இறால் ஒன்று இருக்கிறது, அது கொடுக்கைச் சொடுக்குகிற ஓசை என்று மேடம் விளக்கினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு, அந்த மூலைப் பக்கம் மட்டும் யாரும் முதுகைக் காட்டி நிற்பதில்லை.

ஒரு நாள் காலில் செங்கல் குத்தினவள் மெதுவாகச் சொல்லிவிட்டாள், அக்கா சமைக்கிறாங்க போல என்று. கொத்தனாருக்கு வந்ததே கோபம்.

"அது நாங்க படுக்குற மூலை. அடுப்படி அந்தப் பக்கம், இடது கை ஓரம். படுக்குற இடத்துல உக்காந்து எவளாவது கடுகு தாளிப்பாளா?"

எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். ஆனால் அவர் மட்டும் வேலை முடிந்த பிறகு, அடுப்படி என்று தான் குறித்து வைத்த இடது மூலையில் போய் நிற்பார். காது கொடுப்பார். அங்கே ஒன்றும் கேட்காது. அதுதான் அவரை அரித்தது. ஊருக்கெல்லாம் ஓசை கேட்கிறது, தனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாளே என்று.

மழைக்காலத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்த்தான். பச்சைக்கு நடுவில் பெட்டி மாதிரி இது என்ன சொட்டை என்று கேட்டான். மேடம் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினாள். அனுப்பிவிட்டு கொத்தனாரிடம் வந்தாள். இதற்குமேல் தன்னால் தள்ளிப்போட முடியாது, அடுத்த பெரிய வற்றத்தில், கடல் வெகுதூரம் பின்வாங்குகிற நாளில், நட்டாக வேண்டும் என்றாள். அதோடு நிற்கவில்லை. ஒரு கம்பைச் சேற்றில் இறக்கிக் காட்டினாள். சுற்றிலும் மரம் நிற்கிற இடத்தில் சேறு ஏறியிருந்தது. இவர் காத்த இடத்தில் ஒரு முழம் பள்ளம்.

"வெறுமையா விட்டா கடல் ஒவ்வொரு தடவையும் அள்ளிக்கிட்டுத்தான் போகும், ஐயா. எதையும் திருப்பித் தராது. வேர் இருந்தாத்தான் இருக்குறது இருக்கும்."

இது நட வைப்பதற்கான தந்திரம் என்று அவர் நினைத்தார். வீட்டுக்குப் போனால் மகளும் அதையே பாடினாள். அவள் சண்டை போடுகிறவள் இல்லை. ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து விரல் வெளுத்துப்போனவள். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, "அம்மா அங்க வரமாட்டாப்பா. வந்தா இங்கதான் வருவா. நான் இங்கதான இருக்கேன்" என்றாள். கொத்தனார் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அன்றைக்கு முழுக்க அந்த வீட்டுக் கதவு லேசாகத் திறந்தே கிடந்தது. மூட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பெரிய வற்றம் வருவதற்குள் வெண்கண்டல் காய்க்கும் பருவம் வந்துவிட்டது. அதன் விதை அவரைக்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும். பழுத்து விழுந்தால் ஆயிரக்கணக்கில் மிதந்து, தண்ணீர் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும். எது தடுக்கிறதோ அங்கே ஒதுங்கி முளைக்கும். யாரையும் கேட்டு முளைப்பதில்லை. கொத்தனார் காத்த இடத்திலும் அவை வந்து ஒதுங்கின. சேற்றுக்குள் புதைந்த அஸ்திவாரக் கல் எங்கெல்லாம் ஓடியதோ அங்கெல்லாம் தண்ணீர் கொஞ்சம் தடைப்பட்டது, விதை தங்கியது. சில வாரத்தில் பச்சைக் கோடு போட்ட மாதிரி சுவர் முளைத்தது.

அதைப் பார்த்து முதலில் கொத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. நாலு மூலையும் அவர் கழி ஊன்றின இடத்துக்கு ஒரு சாண் முன்பின்னாக வந்து நின்றன. "பாத்தியா? படிச்சவங்க என்னமோ சொன்னாங்களே, பாத்தியா?" என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். புயலுக்குப் பிறகு அவர் பல்லைக் காட்டினது அன்றைக்குத்தான். சுவர் இருந்த இடத்துச் செடியை விட்டுவிட்டு, உள்ளே அறைகளில் முளைத்ததை மட்டும் பிடுங்கி எறிந்தார்.

ஆனால் அவர் குனிந்து நுழைகிற இடத்திலும் செடி முளைத்தது. பிடுங்கினார். மறுபடி முளைத்தது. அங்கே விரலை விட்டுப் பார்த்தால் அடியில் கல் தட்டுப்பட்டது. எதிர்ப்பக்கம், வலது ஓரத்தில், நீர்நாய் நுழைகிற இடம் மட்டும் ஒரு கதவு அகலத்துக்கு மொட்டையாகவே கிடந்தது.

குள்ளச்சிதான் அதையும் பார்த்தாள். அவள் வலப்பக்கக் கோட்டின் அருகே குந்திக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை.

"மாமா, இந்தப் பக்கச் சுவரு மட்டும் ஏன் ரெட்டையா இருக்கு?"

கொத்தனார் வந்து பார்த்தார். ஒரு கோடு, அதை ஒட்டியே இன்னொரு கோடு. உலகத்தில் எத்தனையோ கொத்தனார்கள் எத்தனையோ சுவர் வைத்திருக்கலாம். சுவரை ஒட்டிச் சுவர் வைத்த கிறுக்கன் அந்தத் தெருவில் ஒருவன்தான்.

மேடத்தைக் கூட்டி வந்தார்கள். அவள் இடுப்புக் கத்தியை எடுத்து அந்தக் கறுத்த கட்டையைச் சீவினாள். மேலே இருந்த அழுகல் போனதும் உள்ளே சிவப்பு இழை தெரிந்தது. பூவரசின் உள்கட்டை இன்னும் கறுப்பாக, காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும், ஐயா, இது புன்னை என்றாள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் இத்தனை காலம் காத்தது அண்ணன் வீடு. வாசல் என்று குனிந்து நுழைந்தது அண்ணன் வீட்டுச் சுவர். அவருடைய சொந்த வீடு வலப்பக்கம், இரட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம். கூடை போட்ட இடம். துப்பின இடம். அவர் தினமும் போய் நின்று அவிழ்த்த இடம். அதில் இப்போது கண்டல் இடுப்பு உயரத்தில், கையை விட்டால் கை நுழையாதபடி வேரூன்றி நின்றது. பாதியை அவர்தான் நட்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கொத்தனாருக்குத் தன் வீடே தெரியவில்லை.

அவர் அந்த மரங்களுக்குள் போகப் பார்த்தார். ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அடியிலிருந்து யாரோ அந்தப் பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது. சட்டென்று விட்டுவிட்டார். கையில் ஒரு இலைகூட இல்லை. யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றது. பின்மூலையில் படபடவென்று வெடித்தது. படுக்கிற மூலை என்று அவர் சொன்ன மூலை. இரட்டைச் சுவரை ஒட்டின மூலை. அண்ணன் வீட்டு அடுப்படி. கொத்தனார் கரை ஏறி, சேறு காயாமல், கால் கழுவாமல், மேட்டைப் பார்க்க நடந்தார்.

அண்ணனின் தையல் கடை குடியிருப்பின் கடைசியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் மெஷின். ஒரு கொடியில் தைத்து முடித்த கால்சட்டைகள் ஆளில்லாமல் வரிசையாகத் தொங்கி, மின்விசிறிக் காற்றில் நடப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தன. தையற்காரர் நிமிரவில்லை. தம்பி வந்து நிழல் விழுந்ததும் மிதித்த காலை மட்டும் நிறுத்தினார்.

"உக்காரு. அந்த ஸ்டூல் ஆடும், பாத்து."

கொத்தனார் உட்காரவில்லை. "நான் காவல் காத்தது உன் வீடாம்" என்றார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒரு நாள் கரையில வந்து நின்னு பாத்தேன். புன்னையை நட்டவனுக்குப் புன்னை தெரியாதா? நீ என் வீட்டுச் சுவத்துல முட்டி முட்டி உள்ள போய்க்கிட்டு இருந்தே."

"ஏன் சொல்லல?"

"நீ பேசினாத்தானே நான் பதில் சொல்றதுக்கு." தையற்காரர் ஊசியிலிருந்து நூலைக் கழற்றினார். "அப்புறம், சொல்ல வேண்டாம்னும் தோணுச்சு. நீ நிக்குற இடம் தப்பில்ல."

பிறகு அவர் சொன்னது கொத்தனாருக்குத் தெரியாத சங்கதி. இரட்டைச் சுவர் எழும்பின மறுநாளே ஓரகத்திகள் இரண்டு பேரும் சேர்ந்து அடுப்படி ஓரத்தில், பழைய சுவரில் ஒன்றும் புதுச் சுவரில் ஒன்றுமாகச் செங்கல்லைத் தளர்த்திவிட்டார்கள். புதுக் கலவை காய்வதற்குள் கரண்டிக் காம்பால் நோண்டியிருக்கிறார்கள். அந்த ஓட்டை வழியாக உப்பு போகும், தீப்பெட்டி போகும், பேச்சும் போகும். ஆண்கள் வீட்டுக்கு வந்தால் செங்கல் பழையபடி இடத்துக்குப் போய்விடும். தையற்காரருக்கு அது தெரியும், கண்டும் காணாமல் இருந்தார். தெரியாதது, சுவர் வைத்தவருக்கு மட்டும்தான்.

"என் சுவத்துலயா?" என்றார் கொத்தனார். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் முதலில் வந்தது.

"உன் சுவத்துலதான். உன் அண்ணி இடுப்பு ஒடிஞ்சு நடக்க முடியாம கெடந்தாளே அந்த மாசம். தண்ணி வந்தப்ப அவ எந்தப் பக்கம் கத்தியிருப்பா? உன் பொண்டாட்டி அதைக் கேட்டுட்டுத் தன் வீட்டுலயே நின்னிருப்பாளா? நீயே சொல்லு."

கொத்தனார் மனசுக்குள் அவள் போயிருக்கக்கூடிய வழியை அளந்துகொண்டிருந்தார். ஒரு செங்கல் ஓட்டையில் ஆள் நுழைய முடியாது. தன் வாசலால் வெளியே வந்து, தண்ணீர் ஓடுகிற தெருவில் இறங்கி, அண்ணன் வாசலால் உள்ளே போய், கூடத்தைத் தாண்டி, பின்னால் அடுப்படிக்கு. சுவர் இல்லாவிட்டால் நாலு எட்டு. அவர் அளந்து முடித்ததும் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தபடியே, அங்கே நடச் சொல்கிறார்கள், வீடு உன்னுடையது, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். தையற்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "எனக்கு உள்ளவ கெடைச்சிட்டா. உனக்கு உள்ளவ அங்க இருக்கா. நீ சொல்றதுதான்" என்றார்.

பெரிய வற்றத்தன்று கொத்தனார் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். சேற்றில் மேடம் இறக்கின கம்பு அப்படியே நின்றது. அதன் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாகியிருந்தது. அவர் குந்தி அந்தப் பள்ளத்தைக் கையால் தடவிப் பார்த்தார். கடல் ஒவ்வொரு தடவையும் ஒரு கை அள்ளிக்கொண்டு போகிறது. திருப்பித் தரும் என்று அவர் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் அது கொண்டுதான் போயிருக்கிறது. இருப்பது இருக்க வேண்டுமென்றால் வேர் வேண்டும். அந்தப் பெண் சொன்னது தந்திரமில்லை. அவர் அதை அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை. கூடையை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

வேறு யாரையும் உள்ளே விடவில்லை. அடுப்படி மூலையில் ஆரம்பித்தார். அங்கே மட்டும் விதைகளை நெருக்கி நெருக்கி, ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நடுவே கலவை விடுகிற அளவு இடம் விட்டுச் செருகினார். பின்வாங்கிப் பின்வாங்கி, அடுப்படியிலிருந்து கூடம், கூடத்திலிருந்து வாசல். அண்ணன் வீட்டு நிஜ வாசல். வெளியே வந்ததும் கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். மகள் கரையில் நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். அப்பன் சேற்றில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கூடத்தில் நட்டது பிடித்துக்கொண்டது. படுக்கும் அறையில் பிடித்துக்கொண்டது. இரட்டைச் சுவரின் மேல் வெண்கண்டல் அடர்ந்து, மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து ஆணி அடித்த மாதிரி கிளம்பின. அடுப்படியில் நட்டது ஒன்றும் நிற்கவில்லை. அடுத்த வற்றத்தில் போய்ப் பார்த்தால் ஒரு விதைகூட இல்லை. சாய்ந்து கிடக்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை. கொத்தனார் மறுபடி நட்டார். மறுபடி காணோம். மேடம் வந்து பார்த்துவிட்டு, நண்டு விதையைத் தின்னும், வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும் என்றாள். வளையையும் காட்டினாள். மூங்கில் குழாயை வெட்டிக் காப்புப் போட்டு நட்டுப் பார்த்தார்கள். குழாய் நின்றது, உள்ளே விதை இல்லை. அதற்குமேல் யாரும் நடவில்லை. மேலிடத்திலிருந்தும் யாரும் கேட்கவில்லை. மேலிருந்து பார்த்தால் இலை மூடிவிடுகிறது, தெரியாது.

இப்போது அது காடு. கொக்கு அடைகிறது, நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது. நடவு ஆட்கள் வேறு கரைக்குப் போய்விட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். சுற்றிலும் வேரும் தழையும் சருகும் மண்டிக் கிடக்க, அந்த மூலை மட்டும் சதுரமாக, சுத்தமாக இருக்கிறதாம். ஒரு சருகு இல்லையாம். சேற்றின்மேல் வளைவு வளைவாகக் கீறல் இருக்கிறதாம், பெருக்கினதுபோல.

நண்டு கால் இழுத்த தடம் என்று மேடம் சொல்கிறாள். கேட்டால் கொத்தனாரும் அதையேதான் சொல்கிறார், நண்டுதான் என்று. கூடத்திலும் நண்டு இருக்கிறது, படுக்கும் அறையிலும் இருக்கிறது, கரை நெடுகிலும் இருக்கிறது. அங்கெல்லாம் மரம் எப்படி நிற்கிறது என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை.